“ஸ்கோபஸ் உறுதிங்க மேடம்”: வணிகவியல் ஆய்வாளர்கள் கவனிக்கவும்

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் வணிகவியலில் பிஎச்.டி. செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்விதழில் கட்டுரை போட்டுத் தருகிறேன் என்று ஒரு கும்பல் சுற்றுகிறது.

என்னுடையது திருப்பூர் பின்னலாடை யூனிட்டுகளின் நடைமுறை மூலதனம் பற்றிய ஆய்வு. சரக்கு வாங்கும் பையரின் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது, நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் வாரக் கூலிக்கும் எதை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிச் சேர்த்த தரவு. ஒரு கருத்தரங்கில் அறிமுகமானவர், “பணத்தப் போட்டு விடுங்க மேடம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறனுங்க” என்றார். அவர் சொன்ன இதழின் பெயர், ஆய்விதழ்களையும் கட்டுரைகளையும் தொகுத்துக் காட்டும் தரவுத்தளமான ஸ்கோபஸின் பட்டியலில் இருந்தது. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் பொருந்தியது. பதினெட்டாயிரம் அனுப்பினேன்.

ஒரே வாரத்தில் ஏற்புக் கடிதம். மதிப்பாய்வாளர் கருத்து என்று ஒற்றை வரி. கட்டுரை வெளியானபோது என் பெயருக்குப் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பெயர்கள்! கேட்டால், “அவங்க ஸ்லாட் வாங்குனவங்க மேடம்” என்கிறார், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணமாம்.

என் நெறியாளர் ஸ்கோபஸில் தேடிப் பார்த்தார், கட்டுரை இல்லை. பதிப்பகத்தின் பக்கத்திலிருந்து முகவரி எடுத்து ஆசிரியருக்கு எழுதியபோதுதான் விஷயம் தெரிந்தது: இதழ் உண்மையானது, நான் பணம் கட்டிய இணையதளம் அதன் நகல். இதழின் தளத்துக்கு ஸ்கோபஸ் அல்லது பதிப்பகம் வழியாகவே போங்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

‘காசு கேட்டாலே போலி’ என்ற கணக்கு நம் துறையில் செல்லாது. ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் போன்ற முன்னணி இதழ்களே கட்டுரையை அனுப்பும்போது கட்டணம் வாங்குகின்றன. இதையே அந்த ஆள் என்னிடம் வாதமாக வைத்தார். ஆனால் அங்கே கட்டணம் கட்டினாலும் கட்டுரையை நிராகரிப்பார்கள். படிக்கும் முன்பே ‘உறுதி’ என்கிறவர்தான் ஆபத்து.

அடுத்து, “கேர் லிஸ்ட்டே இப்ப இல்லீங்க, எதுல போட்டாலும் செல்லும்” என்பார்கள். முதல் பாதி உண்மை. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று காட்ட 2019 முதல் இருந்த அந்தப் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025இல் கைவிட்டது. எது செல்லும் என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்னொன்றை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. பல்கலைக்கழகம் தன் விதியாக அதைக் கேட்கலாம், அதனால் ஆராய்ச்சிப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

அவசரமாக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் எஸ்எஸ்ஆர்என் என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. 1994இல் தொடங்கியது. நிதித்துறைக்காரர்கள் இதழுக்கு அனுப்பும் முன்பே பணித்தாளை அங்கே போட்டுவிடுவார்கள். கட்டணம் கிடையாது, தேதியோடு உங்கள் பெயர் நிற்கும். ஆனால் அது வெளியீடாகக் கணக்கில் வராது.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் கைவசம் உள்ளன. திருப்பூர் பின்னலாடை பற்றிய கட்டுரையில் இரண்டாவது, மூன்றாவது பெயருக்குக் காசு கட்டியவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் ரசீதும் புகாரோடு சேர்ந்தால் நல்லது.