ரோட்டாவேக்கா ரோட்டாசிலா, எது போடலாம்?

ரெண்டுமே குழந்தைங்களுக்கு பேதி வர வைக்கிற ரோட்டாவைரஸ தடுக்குற நம்ம நாட்டு சொட்டு மருந்துதான், ஊசி இல்ல, குழந்தைக்கு 6, 10, 14 வாரம் ஆகும்போது மூணு தடவ. ரோட்டாவேக் ஹைதராபாத் பாரத் பயோடெக்கோடது, டெல்லி எய்ம்ஸ்ல பொறந்த குழந்தைங்ககிட்ட கெடச்ச 116ஈ வைரஸ வச்சு செஞ்சது, அந்த வைரஸ் தொத்தியும் அந்த பிள்ளைங்களுக்கு பேதியே வரலயாம், அதான் எனக்கு ஆச்சரியம். வெறும் அஞ்சு சொட்டு, குடுக்குறது ஈஸி. ரோட்டாசில் புனே சீரம் கம்பெனிது, மாட்டு வைரஸோட மனுஷ வைரஸ் ஜீன கலந்து செஞ்சது, ஜி1, ஜி2, ஜி3, ஜி4, ஜி9னு ரோட்டாவைரஸ்ல அஞ்சு வகை இதுல இருக்கு. பவுடரா வர்றத கலக்கி 2.5 மில்லி குடுக்கணும், துப்பிடுச்சுன்னா கடுப்பு, ஆனா சூடு நல்லா தாங்கும். 2018ல ரெண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஹெச்ஓ) ஓகே சொல்லிடுச்சு. அஞ்சு வகைனா அஞ்சு மடங்கு பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க, ரோட்டாவேக் மாதிரி ஒரே வகை வைரஸ் இருக்குற மருந்தும் மத்த வகைக்கு ஓரளவு கேக்கும். சென்டர்ல எது இருக்கோ அத போடுங்க, மூணு டோஸும் முடிஞ்சவரை ஒரே பிராண்டா இருக்கட்டும்.