திறப்பா, ரிமோட்டா, பட்டனா?

எங்கள் முதலாளியின் வளவுக்குள் மூன்று வாகனங்கள் நிற்கின்றன. ஒன்று, கிட்டத்தட்ட என் வயசுப் பழைய லொறி. இரும்புத் திறப்பைப் போட்டுத் திருகினால்தான் உறுமும். அடுத்தது டிமோ பட்டா என்கிற சின்ன லொறி. ஸ்டார்ட் பண்ணுவது திறப்பால்தான், கதவுக்கு மட்டும் வவுனியாவில் ஒரு கடையில் ரிமோட் பூட்டு வைத்தோம். மூன்றாவது யப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் வான். திறப்பு சேட்டுப் பொக்கற்றில் இருந்தால் போதும், கதவும் திறக்கும், பட்டனை அமத்த எஞ்சினும் ஓடும். இதைத்தான் கீலெஸ் என்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் திரும்ப விட்டார்கள். அதுவரை எது ஓடுகிறதோ அதைக் கட்டியழுததால், வன்னியில் பல வளவுகளில் இப்படி மூன்று காலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

மூன்றையும் பரந்தனில் திருப்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவு வரை ஓட்டியிருக்கிறேன். பிஸ்கட், சவர்க்காரம், நூடில்ஸ், சோடா. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கடை. கார் வாங்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உதவுமோ தெரியாது. நாற்பது தரம் இறங்கி ஏறுகிறவனுக்கு உதவும்.

முதலில் கதவு. இதில் வானை அடிக்க ஆளில்லை. மாரி மழை கொட்டுகிறது, இரண்டு கையிலும் கடைக்காரர் திருப்பித் தந்த பெட்டிகள், வாயில் பில் புத்தகம். பழைய லொறி என்றால் பெட்டியைச் சேற்றில் வைத்துவிட்டுத்தான் திறப்பைத் தேட வேண்டும். பட்டாவின் ரிமோட் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதையும் எடுத்து அமத்த ஒரு கை வேண்டும். வானுக்கு ஒரு விரலைக் கைபிடியில் வைத்தால் சரி. தொட்டதும் வான் ஒரு சின்ன அலையை அனுப்பி, ‘கிட்ட நிற்கிறாயா?’ என்று திறப்பைக் கேட்கும். திறப்பு வேறொரு அலையில் பதில் சொல்லும். அந்தக் கேள்வி ஒரு மீற்றர் அளவுக்குத்தான் எட்டும். எட்டினால் கதவு விடும்.

அந்த ஒரு மீற்றரை நீட்டித்தான் ஐரோப்பாவில் கள்ளர்கள் கார் எடுக்கிறார்கள். ஒருவன் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு, மற்றவன் கார் பக்கத்தில் இன்னொன்றோடு. வீட்டுக்குள் கிடக்கும் திறப்பின் அலையைக் கடத்திக் கொண்டுபோய்க் காரிடம் காட்டுவார்கள். அதற்குப் பயந்து அங்கே ஆட்கள் திறப்பைத் தகர டப்பாவுக்குள் வைக்கிறார்கள். நான் யாருக்கும் பயப்படாமலே அதைச் செய்தேன். உடையார்கட்டில் ஒரு கடையில் வாங்கிய காசோடு சேர்த்துத் திறப்பையும் பழைய பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டு, பட்டனை அமத்து அமத்தென்று அமத்தினேன். வான் அசையவில்லை. கால் மணித்தியாலம் கழித்து, மிச்சக் காசு கொடுக்கத் தகரத்தைத் திறந்தபோதுதான் விஷயம் விளங்கியது.

இனி, கதவு என்று சொன்னேனே, எந்தக் கதவு? லொறியிலும் பட்டாவிலும் சாமான் இருப்பது பின்கூட்டில். அதற்குப் போட்டிருப்பது ஆமைப்பூட்டு. முன்கதவு மந்திரம் போட்டுத் திறந்தாலும், பின்னால் போய் ஆமைப்பூட்டுக்குத் திறப்புத் தேடத்தான் வேண்டும். பட்டாவுக்கு ரிமோட் வைத்த காசை இதனால்தான் வீண் காசு என்பேன். எங்கள் பயம் லொறியைக் கொண்டுபோவார்கள் என்பதில்லை, சவர்க்காரப் பெட்டி குறையும் என்பதுதான். அமெரிக்காவில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற யூபிஎஸ் கொம்பனி இதைச் சரியாகப் பிடித்தது. ஓட்டுநருக்கும் சாமானுக்கும் நடுவில் இருக்கிற கதவைத்தான் பட்டனால் திறக்க வைத்தார்கள். திறப்பை எந்த விரலில் மாட்ட வேண்டும் என்றுகூடப் பழக்கிவந்தவர்கள், பிறகு இடுப்பில் கொழுவும் பட்டனைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் நாளுக்கு ஒரு நிமிஷம் மிஞ்சினால் கொம்பனிக்கு வருஷத்துக்கு 1 கோடியே 45 லட்சம் டொலர் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். எங்கள் வழியில் கடைக்காரர் பில்லைச் சரிபார்க்கும் நேரத்தில் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விடும், அது வேறு கதை. வானில் மட்டும் பின்கதவும் அதே பூட்டோடு சேர்ந்தது. கீலெஸ்ஸின் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கிறது.

அப்புறம் எஞ்சின். இங்கே நான் மறுபக்கம்.

வவுனியாவில் லோட் ஏற்றி வந்த ஒரு நாள், வானும் லொறியும் முன்பின்னாக முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றன. அந்தப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகிற ஓட்டுநரை நான் கண்டதில்லை. வானை ஓடவிட்டபடியே இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கினேன். லொறி கொண்டுவந்த அண்ணைக்கு முதுகு நோவு. “தம்பி, நீ இதைக் கொண்டுபோ, நான் வானை எடுக்கிறன்” என்றார். ஏறினார், போனார். ஏதோ கீச்சிட்டதாம், திரையில் யப்பான் எழுத்து ஓடியதாம். யாருக்கு வாசிக்கத் தெரியும்? ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை, திறப்பு தூரப் போனதற்காக அந்த வான் நிறுத்தாது. நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்று அப்படிச் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான். அண்ணை தருமபுரத்தில் முதல் கடையில் எஞ்சினை நிற்பாட்டினார். அதோடு சரி. நான் கிளிநொச்சியில் லொறியை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது கோல் வந்தது.

“தம்பி, திறப்பு உன்னட்டயோ?”

பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தேன். கச்சான் சரைக்குக் கீழே இருந்தது. நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரும்வரை வெயிலில் நின்ற சொக்லேட் பிஸ்கட் பெட்டிகளைப் பற்றி முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.

இரும்புத் திறப்பில் இது நடக்காது. எஞ்சின் ஓடுகிற வரைக்கும் திறப்பு வாகனத்தோடு நிற்கும். யார் ஏறினாலும் அவர் கைக்கு அது வரும். பட்டன் வாகனம், ஓட்டுகிறவர் ஒருவர்தான், திறப்பும் அவரை விட்டுப் பிரியாது என்று நினைத்துச் செய்யப்பட்டது. எங்கள் தொழிலில் வாகனம் ஓர் ஆளின் கையில் மட்டும் நிற்பதில்லை. நான் இறக்குவேன், கிளீனர் பெடியன் ரிவர்ஸ் எடுப்பான், கராஜில் ஒருவர், ராவில் முதலாளியின் மகன். லொறிக்கு நாலு திறப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் சில நூறு ரூபாவுக்கு வெட்டியது. ரீகண்டிஷன் வானோடு வந்தது ஒரே ஒரு திறப்பு. இன்னொன்று செய்து வாகனத்துக்குப் பழக்க ஐந்து இலக்கத்தில் காசு கேட்கிறார்கள்.

பழைய திறப்பும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. தேய்ந்து தேய்ந்து, ஓடும்போதே அதை உருவி எடுக்கலாம். ஒருமுறை பக்கத்தில் நின்ற வேறு லொறியின் திறப்பும் போட்டது. களவுக்கு இதைவிட வசதி வேண்டாம். பட்டன் வானில் அப்படி ஒன்றும் நடக்காது, திறப்பின் சிப்பைத் தெரியாவிட்டால் எஞ்சினை விடாது.

பட்டன் வாகனத் திறப்பின் பற்றரியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சிஆர்2032 என்ற காசு மாதிரிப் பற்றரி, ஒன்றிரண்டு வருஷம் வரும். செத்துப் போனால், திறப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் சின்ன இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து, திறப்பையே பட்டனோடு முட்டவைத்து அமத்தினால் ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் கராஜுக்குக் கட்டி இழுத்துப் போனவர்களும் உண்டு. தண்ணீர்தான் கெட்டது. சாறத்தின் மடியில் செருகிய இரும்புத் திறப்பு வாய்க்காலில் விழுந்தால் துடைத்துப் போடலாம், மற்றது விழுந்தால் தலையில் கைதான். வாகனத்தின் பெரிய பற்றரி இறங்கினால்? எங்களுக்குப் புஷ் ஸ்டார்ட் என்றால் நாலு பேர் பின்னால் நின்று தள்ளுவது. கியர் லொறி அதற்கு மசியும். ஓட்டோ கியர் வானை நாள் முழுக்கத் தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

ஆக, கூடு அடித்த லொறிக்குத் திறப்பே போதும், மிச்சக் காசுக்கு நல்ல ஆமைப்பூட்டு வாங்கலாம். கடைக்குக் கடை ஓடும் வானுக்குக் கீலெஸ், இரண்டு திறப்பு இருந்தால் மட்டும். அந்த இரண்டாவது திறப்பை எடுத்துத் தாருங்கோ என்று முதலாளியைக் கேட்டேன். விலையைக் கேட்டவர், “அந்தக் காசுக்கு லொறிக்கு ஒரு ரயர் போடலாம் தம்பி” என்றார். போட்டும் விட்டார்.