சித்தூர்ப் புழையோரம் வாடகை சைக்கிள்: வண்டி பரவாயில்லை, வரைபடம்தான் சரியில்லை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம், சித்தூர்ப் புழை என்ற ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தங்குமிடம் வெளியாட்களுக்கும் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறது. அரை நாளுக்கு 250 ரூபாய், முழு நாளுக்கு 400. அடையாள அட்டை நகலும் 1000 ரூபாய் முன்பணமும் கேட்பார்கள். ஞாயிறு காலையில் ஆற்றங்கரை நடை ஒன்றும் உண்டு. கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாகச் சித்தூரில் வந்து இறங்கலாம். பேச்சுக்குச் சிரமமே இல்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் டீக்கடையில் தமிழ்தான் ஓடுகிறது, சாயா என்ற ஒரு சொல்லைத் தவிர.

முதலில் வண்டி. பெரும்பாலும் 27.5 அங்குலச் சக்கரம், 21 கியர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக். பராமரிப்பு சுமாருக்கு மேல். செயினில் எண்ணெய் இருக்கிறது, துரு இல்லை. ஆனால் பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் எடுக்காதீர்கள். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். லீவரின் அடியில் இருக்கும் சின்னத் திருகை வெளிப்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீட் உயரத்தை அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் பத்து கிலோமீட்டர் போனாலே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக் கொடுக்கிறார்கள். தார்ச்சாலைக்கு அது சரி. கால்வாய்க்கரைச் சரளை மண்ணில் கை மரத்துப்போகும். எழுபது கிலோ ஆளுக்கு இரண்டு அங்குல டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சர் கிட்டில் இவர்கள் வைத்திருப்பது ஒட்டும் துண்டுகளும் பசையும் மட்டும்தான். மாற்று ட்யூப் தருவதில்லை. இது பெரிய குறை, ஏனென்றால் கிராமத்துச் சைக்கிள் கடையில் பழைய 28 அங்குல ட்யூப் கிடைக்கும், 27.5 கிடைக்காது. வால்வும் வேறு. அங்கிருக்கும் கைப்பம்பு பழைய சைக்கிள் வால்வுக்கானது, இந்த வண்டிகளில் இருப்பது பைக் டயரில் இருக்கும் வால்வு. எனவே காற்றுக்குச் சைக்கிள் கடையைத் தேடாமல் பைக் பஞ்சர் கடைக்குப் போங்கள். கம்ப்ரஸரில் அடிக்கும்போது விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் ட்யூப் வெடிக்கும்.

கிழக்கே போகப் போக மழை குறைவு, வேலியெல்லாம் சீமைக்கருவேலம். அந்த முள் டயரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும். ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அரைக் கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி இறங்கும். டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்து, துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்முனையைப் பிடுங்கி எடுங்கள். வெறும் விரலால் தடவினால் முள் விரலுக்குள் போகும்.

இனி வரைபடம். கையால் வரைந்து நகலெடுத்த தாள் ஒன்று தருகிறார்கள். பார்க்க அழகு. அதில் போட்டிருக்கும் பெரிய சுற்று, காலையில் மேற்கே இறங்கி, சுற்றி வளைத்து, நடுப்பகலில் கிழக்கே திரும்புகிறது. இதை வரைந்தவர் தை மாதத்தில் சைக்கிள் மிதித்திருக்க வாய்ப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று அதன் வழியாகப் பிய்த்துக்கொண்டு போகும். வெயில் ஏறின பிறகு களைத்த காலோடு அதை எதிர்த்து மிதித்தால் சமதரையில்கூட இரண்டாம் கியரில்தான் போக முடியும். அந்த மாதங்களில் விடியற்காலையிலேயே கிழக்கே போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஆடி, ஆவணியில் காற்று மேற்கிலிருந்து, அப்போது வரைபடத்தில் இருக்கும் சுற்று பொருந்தும். பங்குனி, சித்திரையில் எந்தப் பக்கமும் வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது.

கிழக்கே போகச் சிறந்த வழி வண்டித்தாவளம், கன்னிமாரி தாண்டி மூலத்தறை ரெகுலேட்டர், அதாவது ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடும் மதகணை. போய்வர 30 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மூலத்தறையிலிருந்து இடது, வலது கரைக் கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் வெட்டியவர்கள் மட்டம் பார்த்து வெட்டியிருப்பதால் கரைப்பாதையில் ஏற்றம் இறக்கம் என்பதே கிடையாது. இரண்டு பக்கமும் தென்னை, ஊடே பனை, தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர். தென்னையில் பானை கட்டியிருந்தால் அது கள் இறக்கும் மரம், கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் கள் இங்கிருந்துதான் போகிறது. போகிற வழியில்தான் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடை. நிலத்தடி நீருக்காக 2002இல் தொடங்கிய போராட்டமும் 2004இல் மூடிய குளிர்பான ஆலையும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் போகாதீர்கள். இங்கே பல இடங்களில் கரிசல் மண். நனைந்தால் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, சக்கரத்தையே சுற்றவிடாது. டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. குச்சியால் சுரண்டி எடுத்துப் பத்தடி தள்ளினால் மறுபடி அப்பிக்கொள்ளும். அப்போதைக்கு ஒரே வழி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு வருவது.

வரைபடத்தில் மன்னிக்கவே முடியாத குறை ஒன்று உண்டு. ஆற்றின் குறுக்கே நறணி, ஆலாங்கடவு போன்ற இடங்களில் இருக்கும் தாழ்வான தரைப்பாலங்களைச் சாதாரணப் பாலம் மாதிரியே போட்டிருக்கிறார்கள். உள்ளூரில் இவற்றுக்கு நிலம்பதி என்று பெயர். கைப்பிடிச் சுவர் கிடையாது, ஆறு ஏறினால் தண்ணீர் பாலத்தின் மேலேயே போகும். இங்கே மழையைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. இந்த ஆறு ஆழியாறு அணையைத் தாண்டி வருவது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஜூலை முதல் ஜூன் வரையிலான நீராண்டில் 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். ஆகவே வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் மேலே திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் இங்கே மட்டம் ஏறும். 2024 ஜூலையில் நறணியில் ஆற்றின் நடுவே சிக்கிக்கொண்ட நான்கு பேரைத் தீயணைப்புப் படை கயிறு கட்டி மீட்டது தொலைக்காட்சியில் வந்தது.

எனவே தரைப்பாலம் தாண்டுவதற்கு முன் கரையில் மாடு குளிப்பாட்டுகிறவரிடம், “அண்ணா, மேல தண்ணி விட்டிருக்காங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாலத்தின் மேல் தண்ணீர் போனால், கணுக்கால் அளவுதான் என்றாலும், தாண்ட வேண்டாம். பாசி படிந்த கான்கிரீட்டில் டயருக்குப் பிடிமானம் கிடையாது. பாலத்துக்கு அடியில் இருக்கும் குழாய்களுக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்தில் இறங்கிக் குளிப்பது அதைவிட ஆபத்து, உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும்.

ஞாயிறு நடை மட்டும் முழுப் பணத்துக்கும் தகும். காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு முடிகிறது, தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள். சித்தூர் தெக்கேகிராமத்து அக்கிரகாரம், மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடம், அங்கிருந்து சோகநாசினிக் கரை. சித்தூரில் ஓடும்போது ஆற்றுக்கு அந்தப் பெயர். வழிகாட்டி உள்ளூர் ஆள், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத அபூர்வப் பிறவி. வயல் வரப்பில் நடக்க வைக்கும்போது அவர் சொல்வதைக் கவனியுங்கள். நடவுக் காலத்தில் வரப்பின் ஒரு பக்கத்தைச் சேறு அப்பி மெழுகியிருப்பார்கள். நண்டுவளை அடைத்துத் தண்ணீர் கசியாமல் இருக்கத்தான் அது. விரல் தடம்கூட ஈரமாகத் தெரியும். அதில் ஒரு மிதி மிதித்தால் அந்த இடம் இடிந்து, மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போய்விடும். காய்ந்த பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். இருட்டின பிறகு தனியாக வயலுக்குள் இறங்கவே கூடாது. பாம்பு ஒரு காரணம். காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக இழுத்துவிடும் மின்கம்பி அதைவிடப் பெரிய காரணம்.

சாப்பாடு அவர்கள் தருவதில்லை, அது நல்லதுதான். வடக்கே எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லும் முதலியார் குடும்பங்கள் இட்லி சுடும் ஊர். மண் பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து வேகவைத்த இட்லி, தோசைபோல் தட்டையாக வரும். காலையிலேயே போய்விடுங்கள்.

மாசியில் சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படைத் திருவிழா நாளில் வண்டி எடுக்க வேண்டாம், ஊருக்குள் சாலை முழுக்கக் கூட்டம். கொங்குப் படை தோற்று ஓடிய கதைதான் திருவிழா. கோவையிலிருந்து போகிறவர்கள் கடைசி வரிசையில் நின்று பார்ப்பது மரியாதை.

முன்பதிவு போனில் மட்டும்தான், வண்டியை ஆறு மணிக்குள் திருப்பித் தர வேண்டும். கிழக்குச் சுற்றுக்குப் போவதாக இருந்தால் 27.5 ட்யூப் ஒன்றைக் கோவையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். கூடவே டயர் கழற்றும் பிளாஸ்டிக் பட்டை இரண்டு. இவர்களுடைய கிட்டில் அதுவும் இல்லை, ஸ்பேனர் முனையால் நெம்பினால் புது ட்யூபிலும் ஓட்டை விழும்.