பத்மினிக்கு ஏசி பம்ப் மாற்றி நாலு வருஷம்

அப்பா ஓட்டிய 1985 பிரீமியர் பத்மினி இன்னமும் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. 2021 கோடையில் அதன் ஏசி பம்பை மாற்றினேன். இன்ஜின் சுற்றுகிற விசையிலேயே டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குத் தள்ளுகிற அந்தச் சின்னப் பம்ப்தான். அதற்கப்புறம் சுமார் 11,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது.

தொல்லை ஆரம்பித்தது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். சித்திரை வெயிலில் இருபது நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பினால், வண்டி நாலு அடி போய் அணைந்துவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் மறுபடி ஓடும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கிறது என்று நினைத்து ஒரு வருஷம் துணியோடே ஓட்டினேன். ஒருநாள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் வாடை வேறு. பம்புக்குள் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிற டயாபிராம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்து, பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன அந்த ஆயிலில் பேரிங் தேய்ந்துவிடும்; தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஈரத்துணி போடுகிறவர்கள் தயவுசெய்து ஆயில் குச்சியை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

பம்பைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. பேட்டரி வயரை எடுத்துவிட்டு, இரண்டு ஓஸ், இரண்டு நட்டு, அவ்வளவுதான். நானே மாட்டினேன். மறுநாளே கார்புரேட்டர் வழிந்தது. கும்பகோணத்தில் பழைய பியட் வண்டிகளிலேயே ஊறிய ஒரு மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, பழசுல எத்தனை பேக்கிங் இருந்துச்சு, எண்ணுனியா?”

எண்ணவில்லை. பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தடித்த பேக்லைட் கட்டை ஒன்று, அதன் இரு பக்கமும் காகிதப் பேக்கிங். இன்ஜினுக்குள் சுற்றுகிற கேம்ஷாப்ட் என்ற தண்டு ஒரு சின்னக் கம்பியைத் தள்ள, அந்தக் கம்பி பம்பின் கையைத் தள்ளுகிறது. பேக்கிங் குறைந்தால் கம்பி அதிகம் நீண்டு அழுத்தம் கூடும்; பெட்ரோல் வரத்தை அடைக்கிற கார்புரேட்டர் ஊசி தாங்காமல் வழியும். பேக்கிங் கூடினால் தள்ளல் குறைந்து, வேகத்தில் பெட்ரோல் பற்றாது. கட்டை இன்ஜின் சூட்டையும் தடுக்கிறது. அதை விட்டுவிட்டு மாட்டவே கூடாது. அண்ணன் இன்ஜினைக் கையால் சுற்றிக் கம்பியை உள்ளே இறங்கவிட்டு, இன்னொரு பேக்கிங் சேர்த்து மாட்டினார். வழிவது நின்றது. ஆயிலையும் பில்டரையும் அன்றே மாற்றினோம்.

இந்த நாலு வருஷத்தில் பம்ப் ஒருமுறைகூட நடுவழியில் நிறுத்தவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம் ஷெட்டிலேயே கிடந்தாலும், பம்பின் கை லிவரைப் பத்துப் பதினைந்து தடவை அடித்துவிட்டால் முதல் செல்பிலேயே எடுக்கும். ஓஸ்தான் தாங்கவில்லை. 2023-லேயே இறுகி வெடிப்பு விட்டது. இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ஓஸாகப் பார்த்து மாற்றினேன். டயாபிராம் கிட் ஒன்றும் பேக்கிங் செட் ஒன்றும் டிக்கியில் எப்போதும் இருக்கும்.

எலெக்ட்ரிக் பம்ப் போடச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்ஜின் நின்றால் இந்தப் பம்பும் நின்றுவிடுகிறது. விபத்து என்று வந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. உச்சி வெயிலில் கேட்டில் அரைமணி நின்றால் கிளம்பும்போது இன்னமும் ஒருமுறை திணறும். லைன் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறது. அறுப்பு முடிந்ததும் அதைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன்.