சீரியல் கட்டுரையில் எது இருக்கலாம், எது வேண்டாம்: விக்கிப்பீடியா, ரசிகர் விக்கி, ஐ.எம்.டி.பி. ஓர் ஒப்பீடு

ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய விவரங்களை இணையத்தில் சேர்த்து வைக்க மூன்று வகை இடங்கள் உண்டு: விக்கிப்பீடியா, ஃபேண்டம் தளத்தில் இருப்பவை போன்ற ரசிகர் விக்கிகள் (ஒரே தொடருக்காக அதன் ரசிகர்கள் எழுதும் தளங்கள்), ஐ.எம்.டி.பி. போன்ற திரைப்பட, தொலைக்காட்சித் தரவுத்தளங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு சீரியல் கட்டுரையைத் திறந்தால், பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் உரியவை ஒரே பக்கத்தில் குவிந்து கிடக்கும். நீண்ட நடிகர் பட்டியல் இருக்கும், வாரவாரம் டி.ஆர்.பி. எண் இருக்கும், ஒளிபரப்பு நேரம் மாறிய அட்டவணை இருக்கும். கதையை எழுதியவர் யார், எங்கே படமாக்கினார்கள், மக்கள் ஏன் பேசினார்கள் என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது. தமிழ் சீரியல்களுக்கு நன்கு வளர்ந்த ரசிகர் விக்கிகள் இல்லாததால், அந்தச் சுமையையும் விக்கிப்பீடியாவே தூக்குகிறது. காரணம் புரிகிறது, ஆனாலும் கட்டுரை கெடுகிறது.

மூன்று இடம், மூன்று அளவுகோல்

விக்கிப்பீடியா கேட்கும் முதல் கேள்வி: தொடரோடு தொடர்பில்லாத யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? சேனலின் முன்னோட்டக் காணொளி, தயாரிப்பு நிறுவனத்தின் செய்திக்குறிப்பு, நடிகரின் இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாம் தொடங்கிய தேதி, நேரம் போன்ற விவரங்களுக்குச் சான்றாகலாம். குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதியை, நிறுவ அவை உதவாது. செய்திக்குறிப்பை வரி மாறாமல் வெளியிட்ட செய்தித்தளமும் அதே கணக்குத்தான். நாளிதழோ வார இதழோ சொந்தமாக எழுதிய விமர்சனம், பேட்டி, கட்டுரை என்று இரண்டு மூன்றாவது வேண்டும். அது இல்லையென்றால் தனிக் கட்டுரை தொடங்காமல், சேனலின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு வரியாக விடுவது நல்லது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களுக்கு இணையத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்று கைவிட வேண்டாம். அச்சு இதழ் போதும்: இதழின் பெயர், வெளியான தேதி, பக்க எண், கட்டுரைத் தலைப்பு. இணைப்பு இல்லாத மேற்கோளும் முழு மேற்கோள்தான்.

ரசிகர் விக்கியில் தொடரே சான்று. ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொடருக்காக 2003இல் தொடங்கிய மெமரி ஆல்ஃபா விக்கியில் அதன் விண்கலங்கள், கோள்கள், ஒரே காட்சியில் வந்துபோன பாத்திரங்கள் வரை தனிப் பக்கங்கள் உண்டு. கதையில் நடந்ததை உண்மை வரலாறு போலவே எழுதுவார்கள். லாஸ்ட் என்ற அமெரிக்கத் தொடருக்கான லாஸ்ட்பீடியாவில் ரசிகர்களின் ஊகங்களுக்குத் தனி இடமே இருந்தது. இதே ஊகத்தை விக்கிப்பீடியாவில் எழுதினால் அது சொந்த ஆய்வு (வெளிச் சான்று இல்லாத சொந்தக் கருத்து), நீக்கிவிடுவார்கள்.

ஐ.எம்.டி.பி.யின் பலம் முழுமை. ஒளிப்பதிவு உதவியாளர் வரை பெயர் சேர்க்கலாம். ஆனால் அந்தப் பெயர்களில் பெரும்பகுதியைப் பயனர்கள் இடுவதால், விக்கிப்பீடியாவில் அதை மேற்கோளாகக் காட்டக் கூடாது. வெளி இணைப்பாகக் கட்டுரையின் அடியில் வைக்கலாம்.

நடிகர் பட்டியல்: அதிகம் கெடுவது இங்கேதான்

தினசரி சீரியலில் நடிகர் மாறுவது வழக்கம். அதை எழுத மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. ‘எதிர்நீச்சல்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பிறகு அந்தப் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார்.

முதல் முறை, பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரைப் போடுவது. ஆர்வத்தோடு வரும் புதுப் பயனர்கள் அன்று மாலையே செய்துவிடுவது இதைத்தான். கட்டுரை 2022 முதல் 2024 வரை ஓடிய முழுத் தொடருக்கானது. இன்றைய எபிசோடுக்கானது இல்லை. அந்தப் பாத்திரத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தவரின் பெயர் அவரைப் பற்றிய வரியிலேயே இல்லாமல் போவது பெரிய பிழை.

இரண்டாவது, சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதுவது. யார் முதலில், யார் பின்னால், ஏன் மாறியது என்று தெரியாது. மூன்று பேர் மாறிய பாத்திரத்தில் இது இன்னும் குழப்பும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாகச் சித்ரா, காவ்யா அறிவுமணி, லாவண்யா என்று வரிசையாக மூவர் நடித்தார்கள். சாய்கோட்டில் அந்த வரிசையை யாராவது ஒருமுறை மாற்றிவிட்டால், சரிபார்க்க வழியே இல்லை.

மூன்றாவது முறையே சரி என்பது எங்கள் முடிவு: பாத்திரத்தின் பெயர் முதலில், நடிகர்கள் காலவரிசையில், ஆண்டோடு, மேற்கோளோடு. “ஆதி குணசேகரன்: மாரிமுத்து (2023 செப்டம்பர் வரை), அவர் மறைவுக்குப் பின் வேல ராமமூர்த்தி.” இவ்வளவு போதும். மறைவின் சூழ்நிலை, அதையொட்டி வந்த செய்திகள் எல்லாம் நடிகரின் சொந்தக் கட்டுரைக்குப் போக வேண்டும். “பகுதி 1–412” என்று எபிசோடு எண் போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சேனல் ஒளிபரப்பிய எண்ணும் ஓடிடியில் ஏற்றும் எண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சிறப்பு எபிசோடு ஒன்று குறுக்கே வந்தால் கணக்கு தவறிவிடும்.

எத்தனை பேரைச் சேர்ப்பது? தலைப்புக் காட்சியில் பெயர் வருபவர்கள், கதையை நகர்த்தும் துணைப் பாத்திரங்கள் என்று பத்து முதல் பதினைந்து. ஒரு வாரம் வந்த விருந்தினர் பற்றி இதழ்கள் எழுதியிருந்தால் சேர்க்கலாம், இல்லையேல் ஐ.எம்.டி.பி. இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் “ரேணுகாவின் கணவருடைய அண்ணி” என்று உறவுச் சங்கிலி எழுதாமல், கதையில் அவர் செய்வது என்ன என்று அரை வரி போதும். குழந்தை நட்சத்திரங்களின் வயது, பள்ளி, பெற்றோர் விவரம் எந்த நிலையிலும் வேண்டாம்.

கதை: எபிசோடு அட்டவணையா, சுருக்கமா?

ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் எபிசோடு அட்டவணையில் ஒன்றுக்கு 200 சொல் வரையும், அட்டவணை இல்லாவிட்டால் ஒரு பருவத்தின் கதைக்கு 500 சொல் வரையும் அனுமதிக்கிறது. எட்டு எபிசோடு கொண்ட ‘சுழல்’ முதல் பருவத்துக்கு அட்டவணை பொருந்தும். மொத்தம் 1,600 சொல் தாண்டாது. வாரம் ஆறு நாள் ஓடும் சீரியலுக்கு ஆண்டுக்கு 312 எபிசோடு, அதாவது 62,400 சொல். அதை யாரும் படிக்கப்போவதில்லை. அதைவிட முக்கியம், அட்டவணையை எழுதிவரும் பயனர் ஒருவர் மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டால் கதை பாதியில் தொங்கும். தினசரித் தொடருக்கு 500 சொல் சுருக்கமே வழி.

எழுதும் நடையிலும் ஒரு சிக்கல். “சதிகளை முறியடித்து இந்தக் குடும்பம் மீண்டும் ஒன்று சேருமா என்பதே கதை” என்று முடியும் பத்தி முன்னோட்டத்திலிருந்து அப்படியே வந்தது. பார்க்கவைக்க வேண்டிய அவசரம் சேனலுக்கு உண்டு, கலைக்களஞ்சியத்துக்குக் கிடையாது. “சொத்துப் பிரிவினைக்குப் பின் மூத்தவர் வீட்டை விட்டு வெளியேறுகிறார், தம்பி மனைவியின் முயற்சியால் இறுதியில் திரும்புகிறார்” என்று நிகழ்காலத்தில், முடிவையும் சேர்த்து எழுத வேண்டும். கதை தெரிந்துவிடும் என்று எச்சரிக்கை போடும் வழக்கத்தை ஆங்கில விக்கிப்பீடியா 2007இலேயே கைவிட்டுவிட்டது.

டி.ஆர்.பி. அட்டவணையும் நேர அட்டவணையும்

வாரவாரம் எண்களைச் சேர்ப்பவர்கள் உண்மையிலேயே உழைக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? 2015 முதல் அளவீடு செய்யும் பார்க் இந்தியா, பொதுவெளியில் வைப்பது மொழிவாரியாக முன்னணியில் உள்ள சில நிகழ்ச்சிகளின் பட்டியல், அதுவும் புள்ளிகளாக இல்லாமல், ஆயிரங்களில் சொல்லும் பார்வையாளர் எண்ணிக்கையாக. யூடியூபில் சுற்றும் “9.84” போன்ற புள்ளி எண்கள் எந்தச் சந்தைக்கு, நகரமா கிராமமும் சேர்த்தா, எந்த வயதினர் என்று சொல்வதில்லை. 2015க்கு முன் அளந்த நிறுவனம் வேறு, மாதிரி வீடுகள் வேறு. அதனால் ‘மெட்டி ஒலி’ காலத்து எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. அட்டவணையை எடுத்துவிட்டு, நல்ல சான்று இருந்தால் “தொடங்கிய ஆண்டில் மாநிலத்தில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் ஒன்று” என்று ஒரு வாக்கியம் எழுதுவது மேல்.

நம் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளின் அடியில் வரும் “முன்னைய நிகழ்ச்சி, இந்நிகழ்ச்சி, அடுத்த நிகழ்ச்சி” கட்டம் நிகழ்ச்சி நிரலின் வேலை. தொடர் ஒன்பதரை மணிக்கு ஓடியது என்பது கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவற்சட்டத்திலேயே (விவரப் பெட்டியிலேயே) வந்துவிடும். மறுஆக்கப் பட்டியல் வேறு வகை: ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ ஆனதும் இந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ ஆனதும் அதன் வரலாறு, வைத்திருக்க வேண்டியதுதான். அந்த அட்டவணையை ஒவ்வொரு மறுஆக்கக் கட்டுரையிலும் நகலெடுப்பதுதான் தவறு. ஓரிடத்தில் திருத்தினால் மற்றவை பழையதாகவே நிற்கும். மூலத் தொடரின் கட்டுரையில் மட்டும் வைத்து மற்றவற்றிலிருந்து இணைப்பு கொடுங்கள்.

பிக் பாஸ் போன்ற போட்டி நிகழ்ச்சிக்குக் கணக்கு மாறும். அங்கே யார் எந்த வாரம் வெளியேறினார் என்பதே நிகழ்ச்சி. வாராந்திர அட்டவணை நியாயமானது. ஒளிபரப்பாகும் முன்பே கசியும் பெயரைச் சேர்ப்பதும், இணையக் கருத்துக்கணிப்புச் சதவீதத்தை வாக்காகக் காட்டுவதும் கூடாது.

இரண்டாம் பாகம்: ஒரு கட்டுரையா, இரண்டா?

‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ அதே குடும்பத்தின் கதையைத் தொடர்கிறது; ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி நடிக்கிறார். இதை முதல் கட்டுரையில் ஒரு பிரிவாகத் தொடங்கி, தனிச் சான்றுகள் சேர்ந்தபின் பிரிக்கலாம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ பெயரைத்தான் பகிர்கிறது, கதை வேறு; அதற்குத் தொடக்கத்திலேயே தனிக் கட்டுரை. பிரிக்கும்போது பழைய பிரிவை முழுக்க அழிக்காமல் இரண்டு வரி விட்டு, “முதன்மைக் கட்டுரை” இணைப்பு வையுங்கள். எந்தக் கட்டுரையிலிருந்து உரை எடுக்கப்பட்டது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) குறிப்பிட வேண்டும். எழுதியவர்களின் பங்களிப்பு வரலாறு அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.