புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு கீழ்த்தளத்தில் கிடைத்த உதவி

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி லீவு அத்தையோடு மருத்துவமனையில்தான் கழிந்தது. இதே நிலையில் வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்தவரால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் தோள் இறுகிப் போயிருந்தது, முன்கை லேசாகத் தடித்திருந்தது, விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. "உசுரு தப்பிச்சதே பெருசு, இதையெல்லாமா டாக்டர்கிட்ட கேப்பாங்க" என்று அவர் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் ஓய்வு ஓய்வு என்று ஒரு டம்ளரைக்கூட நகர்த்த விடவில்லை.

மறுபரிசோதனையில் நான் நேராகவே கேட்டேன், ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, இங்கே உண்டா என்று. "கீழ்த்தளத்துலயே இருக்கே" என்று உடனே சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். இத்தனை மாதமாக அதே கட்டிடத்துக்குள் ஏறி இறங்கியிருக்கிறார் அத்தை, ஒருவரும் சொல்லவில்லை! இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை, நான் இருக்கும் நாட்டிலும் வாய்விட்டுக் கேட்டால்தான் அனுப்புகிறார்கள். இந்த மாதிரி மறுவாழ்வு சிகிச்சை தேவைப்படும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'மறுவாழ்வு 2030' என்று திட்டமே அறிவித்திருக்கிறது, இருந்தும் பலருக்கு இந்தத் தெரபி குழந்தைகளுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும்தான் என்ற நினைப்பு. கீழ்த்தளத்தில் காத்திருந்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

தெரபிஸ்ட் சின்ன வயதுப் பெண். எங்கே வலிக்கிறது என்று ஆரம்பிக்கவில்லை. "காலைல எழுந்ததுல இருந்து என்னென்ன செய்வீங்கம்மா, அதுல எது எது நின்னுபோச்சு?" என்றுதான் கேட்டார். அத்தை அரைமணி நேரம் பேசினார், அதில் பாதி எனக்கே புதுச் செய்தி. அப்புறம் டேப் எடுத்து இரண்டு கைகளையும் மணிக்கட்டிலிருந்து ஒரே இடைவெளியில் அளந்து குறித்துக்கொண்டார். கணுக்களை எடுத்துவிட்டால் நீர் வடியும் வழி குறைந்துவிடுகிறது, சிலருக்கு வருடங்கள் கழித்தும் வீங்கலாம், அதனால் முதல் அளவை அறுவைக்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது என்றார்.

அடுத்து ஒரு தட்டில் பொத்தான், நாணயம், சாவி. கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும். அத்தைக்குச் சாவி மட்டும்தான் பிடிபட்டது. பாக்லிடாக்செல் மாதிரி சில கீமோ மருந்துகள் நரம்பைப் பாதிப்பதால் வரும் மரமரப்பாம். வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். சட்டை போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். அங்கேயே போட்டுக் கழற்றிக் காட்டச் சொன்னார்.

அசதி விஷயத்தில் எங்களுக்குத்தான் திட்டு விழுந்தது. இந்த அசதி தூங்கினால் போகிற வகை இல்லை, நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் தசை இன்னும் தளரும். தெம்பு இருக்கும் நேரத்தைக் குறித்து வைத்து முக்கியமான வேலையை அப்போது செய்வது, உட்கார்ந்து செய்யக்கூடியதை உட்கார்ந்தே செய்வது, களைத்த பிறகு இல்லாமல் களைப்பதற்கு முன்பே நிறுத்துவது, தினமும் கொஞ்சம் நடப்பது. "எல்லாத்தையும் நீங்களே செஞ்சு கொடுக்காதீங்க" என்றது எங்களைப் பார்த்துத்தான்.

வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைக் கடையில் கண்ணால் அளவு பார்த்து வாங்க வேண்டாம், பொருந்தாதது வீக்கத்தை இன்னும் கெடுக்கலாம் என்றார். அழுத்திப் பிடித்துவிடும் மசாஜும் கூடாது, நிணநீர் வடிய வைக்கும் மசாஜ் தோலை மெல்ல இழுப்பது மாதிரிதான் இருக்கும், அதையும் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். கை சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கூட்டம்தான் கொடுமை. அத்தனை பேருக்கும் ஒரே தெரபிஸ்ட், அடுத்த தவணை ரொம்பத் தள்ளித்தான் கிடைத்தது, பயிற்சிகளைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தோம். போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள், எந்தப் பக்கம் கணு எடுத்தார்கள், என்ன கீமோ கொடுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் தொட மாட்டேன் என்று எங்களை முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்.