மூணே நாளில் மூட்டு வலி போச்சு என்று சந்தோஷப்பட்டோம்

கடலூர், பாண்டி பக்கம் இருப்பவர்கள், வீட்டில் சர்க்கரையோ மூட்டு வலியோ உள்ள பெரியவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பாவுக்குப் பொடி கொடுத்த வைத்தியர் பெயரைப் போடப்போவதில்லை. ஊருக்கு ஊர் வேறு பெயரில் நோட்டீஸ் அடிக்கிறார் என்று இப்போது தெரிகிறது, பெயரைச் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

அப்பா அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் நடத்துநர். நின்றே பார்த்த வேலை. ஓய்வு பெறும்போது முழங்கால் வலியும் சர்க்கரையும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டன. சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 7.4, பிரமாதம் இல்லை என்றாலும் ஓடிக்கொண்டிருந்தது. வலிதான் மனுஷனைப் படுத்தியது. பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று வரக்கூட முடியாமல் கொடிமரத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

தை மாதக் கடைசியில் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. சர்க்கரைக்கும் மூட்டு வலிக்கும் நிரந்தரத் தீர்வு, ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை, பக்கவிளைவு இல்லவே இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறை, மாதம் இரண்டு ஞாயிறு முகாம். அழைத்துப் போனது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வராந்தா முழுக்க அப்பா வயது ஆட்கள், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் நமக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது, பாருங்கள்.

வைத்தியர் நாடி பிடித்தார். கண்ணை மூடினார். "ஐயா, உங்க உடம்புல இங்கிலீஷ் மருந்தோட விஷம் ஏறியிருக்கு. அந்த மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க. ஒரு மண்டலம் என் பொடி, அப்புறம் நீங்களே ஓடுவீங்க. இங்கிலீஷ் டாக்டர்கிட்ட போய் இதைச் சொல்லாதீங்க, அவங்க குழப்பிவிடுவாங்க" என்றார். இந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். நாடி பார்க்க 500, ஒரு மண்டலப் பொடி 6,500, தடவ எண்ணெய் 800. பில் இல்லை. பொடி வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில், மேலே ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை அப்பா மாடிப்படி ஏறினார். அம்மா அழுதே விட்டார். பசி நன்றாக எடுத்தது, முகம் கொஞ்சம் பூரித்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்களே" என்றார்கள். தூக்கம் மட்டும் போய்விட்டது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டிவி போடுவார். இரண்டாவது மண்டலத்துக்கும் 6,500 கொண்டுபோய்க் கொடுத்தோம். மொத்தம் 14,300 ரூபாய்.

அந்த இரண்டாவது டப்பாவின் போதுதான் முகம் உருண்டையாகி, லேசாக இடித்தாலே கை கருநீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. போன் செய்தேன். "கழிவு வெளியேறுது தம்பி, நல்ல அறிகுறி." சித்திரை வெயிலில் செருப்பு கடித்து கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண், பதினைந்து நாளாகியும் ஆறாமல் சீழ் வைத்தது. வீட்டுக்குப் பக்கத்து லேபில் சாப்பிட்ட பிறகு பார்த்த சர்க்கரை 412.

மறுநாள் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து கோரிமேடு ஜிப்மருக்குப் போய் வரிசையில் நின்றோம். அங்கே இருந்த இளம் டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பா முகத்தைத்தான் பார்த்தார். "ஏதாவது பொடி சாப்பிடறீங்களா?" அப்பா என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். காலை நேர கார்ட்டிசால் (உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு) டெஸ்ட் எடுத்தார்கள், மிகக் குறைவு. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து போனால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், அதனால்தான் இப்படி என்று விளக்கினார். வலி மூன்று நாளில் போனது, பசி, தூக்கமின்மை, வீங்கிய முகம், ஏறிய சர்க்கரை எல்லாம் ஒரே கதை. போதாக்குறைக்கு மெட்பார்மினையும் நிறுத்தியிருந்தோம். மூன்று மாத சராசரி 11.2.

பொடியை உடனே தூக்கி எறியலாம் என்று நினைத்தேன். டாக்டர் பதறிவிட்டார். இவ்வளவு நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் போட்டு உயிருக்கே ஆபத்தாகலாமாம். அளவான மாத்திரை கொடுத்து வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தார்கள், இன்சுலினும் போட்டார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். விரல் தப்பியது, நகம் போனதோடு சரி.

இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிலர் "சித்த வைத்தியத்தைக் குறை சொல்றியா" என்று பாய்கிறார்கள். இல்லைங்க. பிறகு மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவுக்கும் அப்பாவைக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஐந்தரை வருஷம் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப்படிப்பு படித்தவர். முதலில் ஜிப்மர் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார், "சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது, நான் தர்றதை அவங்ககிட்டயும் காட்டுங்க" என்றார். முழங்காலுக்குத் தைலமும் சில பயிற்சிகளும் கொடுத்தார், காசு எதுவும் வாங்கவில்லை. வலி மெதுவாகத்தான் குறைகிறது.

முறையாகத் தயாரித்த சித்த மருந்தென்றால் லேபிளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும் என்று அவர்தான் காட்டினார். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேரும் மருந்துகள் இருக்கும் வைத்தியத்தில் செய்தவர் யார் என்றே தெரியாத பொடியை எப்படி வாயில் போட்டோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றமாம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. அந்த நோட்டீஸ் ஒன்றே போதும், அதை நான் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். உங்களுக்கு வந்தால் பத்திரமாக வையுங்கள்.

லாட்ஜில் போய்க் கேட்டால், "அவங்க ஒருநாள் வாடகைக்கு எடுக்கறவங்க சார், இப்ப வர்றதில்லை" என்கிறார்கள். போன் சுவிட்ச் ஆப். டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு ஸ்பூன் பொடியை மருந்து ஆய்வாளரிடம் புகாரோடு கொடுப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன், அலமாரியில் பூட்டித்தான். ஏனென்றால் போன வாரம் கால் கொஞ்சம் அதிகமாக வலித்தபோது அப்பா மெல்லக் கேட்டார், "அந்தப் பொடி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சே, எங்கடா வச்ச?"